டிகிரி முடித்தாயிற்று, டெல்டாவில் முதல் வேலை கிடைக்குமா?

9 ஜூன் 2025 | கேள்வி

பி.காம். முடித்துவிட்டேன். ஆறு செமஸ்டரும் பாஸ், அரியர் இல்லை. மன்னார்குடி பக்கம் கிராமம். வீட்டில், கடைத்தெருவில், யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "டெல்டாவில் படித்தவனுக்கு ரெண்டே வழி. மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் போ, இல்லையென்றால் குரூப் 4க்குப் படி." உள்ளூரில் வேலையே கிடையாது என்பது உண்மையா? இதுவரை எந்த இன்டர்வியூவுக்கும் போனதில்லை. என்ன கேட்பார்கள் என்றும் சொல்லுங்கள்.

9 ஜூன் 2025, இரவு

தம்பி, உள்ளூரில் வேலை இருக்கிறது. விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

நான் குடவாசல் பக்கம். 2021இல் பி.காம்., கொரோனா பேட்ச். கடைசி செமஸ்டர் பரீட்சையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆன்லைனில் எழுதினோம். முதல் வேலை கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். இப்போது திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஆள் எடுக்கும்போது மேனேஜரோடு நானும் உட்காருகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒரே கேட்டுக்குள் ஆயிரம் பேர் போகிற கம்பெனி நம் பக்கம் வராது, அது உண்மை. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் மாதிரி ஆகப்போவதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக 2020இல் சட்டம் போட்டுவிட்டார்கள். உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, புதிய எண்ணெய் எரிவாயுத் துரப்பணம் எல்லாம் இங்கே வரக்கூடாது. அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் எங்கள் வீடும் உண்டு, இன்றைக்கும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நிலத்தைச் சுற்றியே எவ்வளவு ஆபீஸ் வேலை ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ரைஸ் மில், உர மொத்த வியாபாரம், டிராக்டர் ஷோரூம், பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, நகைக் கடை, ஆஸ்பத்திரி பில்லிங், லாரி புக்கிங் ஆபீஸ், அப்புறம் இவர்கள் எல்லாருக்கும் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் ஆபீஸ்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை எங்கே போனாலும் இவை உண்டு. ஆள் தேவை என்றால் தெரிந்தவரிடம் வாய்மொழியாகச் சொல்லி வைப்பார்கள், அவ்வளவுதான்.

நான் உறுதியாகச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். முதல் வேலையைச் சம்பளத்தை வைத்து எடை போடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டாவது வேலைக்கு இன்டர்வியூ போகும்போது, "நான் இதைச் செய்திருக்கிறேன்" என்று சொல்ல அந்த வேலை என்ன தரும் என்று பாருங்கள்.

10 ஜூன் 2025

இனி எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். ரெஸ்யூமைப் பத்து காப்பி எடுத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்குக் கடைத்தெருவில் இறங்குங்கள். ஒன்பது மணிக்குப் போனால் கடை திறக்கிற பரபரப்பு, மாலையில் வியாபாரம். பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் முதலாளி சற்று ஓய்வாக இருப்பார். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் மாதத்தில் 11ஆம் தேதியை ஒட்டியும் 20ஆம் தேதியை ஒட்டியும் போகாதீர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாட்கள் அவை, யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் வருமான வரித் தணிக்கை வேலை மலையாகக் குவியும், அதற்கு முன்னால் ஆள் தேவைப்படும். அதனால் பி.காம். காரர்களுக்கு ஜூன், ஜூலைதான் நல்ல நேரம்.

"ஆள் வேண்டுமா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "பி.காம். முடித்திருக்கிறேன், டேலி தெரியும், ஒரு மாதம் வேலை பார்க்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார்" என்று கேட்டுப் பாருங்கள். (டேலி என்பது கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர்.) எனக்கு வேலை கொடுத்த ஆடிட்டர் அப்படிக் கேட்ட பிறகுதான் உட்காரச் சொன்னார்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டத்தையும் பதிந்து வையுங்கள், ஆன்லைனிலேயே முடியும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதை மறந்து சீனியாரிட்டியை இழந்தவர்கள் நிறைய. தனியார் வேலைக்கென்று அரசே ஒரு இணையதளம் நடத்துகிறது, அதிலும் பதியுங்கள். வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்திலேயே சின்ன முகாம் நடக்கும். அங்கே வருகிற கம்பெனிகளில் பாதி ஃபீல்டு வேலை, இன்ஷூரன்ஸ் வேலைதான். ஆனாலும் போங்கள், ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க, நீங்கள் பதில் சொல்கிற பழக்கத்துக்காகவே போங்கள். நான்கு முறை கை நடுங்கினால் ஐந்தாவது முறை நடுங்காது.

10 ஜூன் 2025, இரவு

ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "சம்பளம் பார்க்காதே என்பது வசதி உள்ளவர்கள் பேச்சு. கல்விக்கடன், அக்கா கல்யாணக் கடன் இருக்கிறவன் எட்டாயிரத்துக்கு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார முடியுமா?"

நியாயமான கேள்வி. நாங்களும் வசதி இல்லை, ஆனால் என் சம்பளத்தை நம்பி அடுப்பு எரிய வேண்டிய நிலை இல்லை, அப்பா விவசாயத்தில் ஓட்டினார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதம் அறிவித்ததும் எனக்குப் பெரிய உதவி. அது இல்லையென்றால் முதல் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போயிருக்கும். வீட்டில் மாதத் தவணை கட்ட வேண்டிய பிள்ளைக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது.

அவர்கள் மைக்ரோ ஃபைனான்ஸ், நகைக்கடன் கம்பெனிகளின் ஃபீல்டு வேலையைப் பார்க்கலாம். நம் மாவட்டங்களில் ஆள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், எந்த டிகிரியும் போதும், பைக்கும் லைசென்ஸும் கட்டாயம். கையில் வருவது ஆடிட்டர் ஆபீஸைவிட அதிகம். காலை ஏழு மணிக்கே கிராமத்தில் மகளிர் குழுக் கூட்டத்தில் இருக்க வேண்டும். தவணை வராத நாளில் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டியவரும் நீங்கள்தான், அது மனதை உலுக்கும். என் சித்தப்பா மகன் அதில் இரண்டு வருஷம் இருந்தான். சாப்பாட்டு நேரம் போயிற்று, ஆனால் வசூல் கணக்கை அன்றன்றைக்கே சரிபார்த்து முடிக்கக் கற்றுக்கொண்டான். அதைச் சொல்லித்தான் பிறகு வங்கிக் கிளையில் ஒப்பந்த வேலைக்குப் போனான். அதாவது, அந்த வேலையிலும் "அடுத்து என்ன சொல்லலாம்" என்ற கேள்வி பொருந்தும்.

15 ஜூன் 2025

இன்டர்வியூ பற்றி. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வருகிற ஃப்ரெஷர்களிடம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பத்தில் எட்டுப் பேர் ஒரே பாட்டை ஒப்பிக்கிறார்கள். பேர், ஊர், அப்பா வேலை, "ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர்", பொழுதுபோக்கு கிரிக்கெட். கல்லூரியில் பிளேஸ்மென்ட் வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்கிறவர் தலையாட்டுவார், காதில் ஒன்றும் ஏறாது. அதற்குப் பதிலாக நீங்கள் கையால் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். கல்லூரி விழாவுக்கு வசூல் கணக்கு எழுதியிருந்தால் அதைச் சொல்லுங்கள். மாமா கடையில் விடுமுறையில் பில் போட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். உடனே அடுத்த கேள்வி அதிலிருந்து வரும், உங்களுக்குத் தெரிந்த இடத்துக்குள்ளேயே பேச்சு நடக்கும்.

ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு நடந்தது இது. அவர் ஒரு கார்பன் காப்பி பில்லை மேசையில் தள்ளினார், ஹார்டுவேர் கடை பில், பாதி அழிந்த எழுத்து. கம்ப்யூட்டரில் டேலி திறந்திருந்தது. "என்ட்ரி போடும்மா" என்றார். மொத்தத் தொகை தெரிந்தது, வரித்தொகை எழுதிய இடம் மட்டும் தேய்ந்திருந்தது. மொத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 18 சதவீதத்தைப் பிரித்தேன், பாதி மத்திய ஜிஎஸ்டி, பாதி மாநில ஜிஎஸ்டி. அதுவரை அவர் வேறு ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றார். யூடியூபில் என்று சொன்னேன். டேலியின் இலவசக் கல்விப் பதிப்பை அண்ணனின் பழைய லேப்டாப்பில் போட்டு, எங்கள் தெரு மளிகைக் கடை பில்களை வாங்கி வந்து தினமும் என்ட்ரி போட்டுப் பழகியிருந்தேன். சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை, அவரும் கேட்கவில்லை.

பல ஆயிரம் கட்டி டேலி கோர்ஸ் படிக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பணம் இருந்தால் படியுங்கள். இல்லையென்றால் மேலே சொன்னது போதும். பழகாத சான்றிதழை ஒரு கார்பன் காப்பி பில் காட்டிக்கொடுத்துவிடும்.

15 ஜூன் 2025, சற்றுப் பிறகு

ஆங்கிலம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வாய்ஸ் புராசஸ், அதாவது வாடிக்கையாளரிடம் போனில் பேசுகிற வேலை என்றால் ஆங்கிலம் இல்லாமல் முடியாது, கம்ப்யூட்டரிலேயே உச்சரிப்புத் தேர்வு வைப்பார்கள். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், பில்லிங், லேப் வேலைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் இரண்டாம் பட்சம். ஒரு மெயிலைப் படித்துப் புரிந்துகொண்டு நான்கு வரியில் பதில் எழுதத் தெரிய வேண்டும். எங்கள் மேனேஜர் இன்டர்வியூவில் ஒரு பழைய மெயிலைக் காட்டி "இதற்குப் பதில் எழுதுங்கள்" என்பார். இலக்கணப் பிழையை அவர் பொருட்படுத்துவதில்லை. கேட்ட விஷயத்துக்குப் பதில் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். தமிழில் பேசலாமா என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்டதற்காக யாரையும் நாங்கள் அனுப்பியதில்லை.

28 ஜூன் 2025

கேட்ட தம்பிக்குச் சென்னையிலிருந்து ஒரு ஆஃபர் வந்திருக்கிறதாம். ஆண்டுக்கு 2 லட்சத்து 7 ஆயிரம். "மாதம் பதினேழாயிரம் வருகிறது அக்கா, இங்கே எட்டாயிரம்தான். எது?" என்கிறார்.

முதலில் அந்தப் பதினேழாயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம். அது சிடிசி, கம்பெனிக்கு உங்களால் ஆகிற மொத்தச் செலவு. உங்கள் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுவதும் அடிப்படைச் சம்பளம். கம்பெனி உங்கள் பேரில் கட்டுகிற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,800. ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், 488. மூன்றையும் கூட்டினால் 17,288, பன்னிரண்டால் பெருக்கினால் அந்த 2 லட்சத்து 7 ஆயிரம் வந்துவிடுகிறது. இனி உங்கள் பங்கு. பிஎஃப் 1,800, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம், 113. கையில் வருவது 13,087.

தொரைப்பாக்கம், பெருங்குடி பக்கம் நான்கு பேர் தங்குகிற அறையில் ஒரு கட்டிலுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்று என் தோழிகள் கொடுக்கிறார்கள். சாப்பாடு, பஸ், போன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வருகிற செலவு. மிஞ்சுவதை நீங்களே எழுதிப் பாருங்கள். மன்னார்குடியில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு வாங்கும் எட்டாயிரத்தில் மிஞ்சுவதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பிஎஃப் பிடிப்பதைக் குறையாகச் சொல்லவில்லை. அது உங்கள் பணம், ஈஎஸ்ஐ இருந்தால் உங்களை நம்பி இருக்கிற அம்மா அப்பாவுக்கும் மருத்துவம் கிடைக்கும். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் இந்த இரண்டும் கிடையாது, உள்ளூர் வேலையில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை அதுதான். சேரும்போதே கேளுங்கள், கேட்டால்தான் போடுவார்கள்.

28 ஜூன் 2025, இரவு

சென்னைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்தவர்களுக்கு டிசிஎஸ், விப்ரோ போன்றவை கலை அறிவியல் பட்டதாரிகளுக்கென்றே தனியாக ஆள் எடுக்கின்றன. அந்தத் தேர்வில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள், பயிற்சியே சொத்து. தஞ்சாவூரிலேயே மினி டைடல் ஐ.டி. பூங்கா 2024 செப்டம்பரில் திறந்தார்கள், திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. மெடிக்கல் கோடிங் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பைக் குறியீடாக மாற்றுவது) வேலை திருச்சியிலேயே உண்டு, பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல், நர்சிங் படித்தவர்கள் போகலாம்.

பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்ப வீட்டில் தயங்கினால், அரசு நடத்துகிற தோழி விடுதிகளைக் காட்டிப் பேசுங்கள். திருச்சியிலும் தாம்பரத்திலும் இருக்கின்றன. என் அம்மா நேரில் வந்து வார்டனிடம் பேசிய பிறகுதான் என்னைத் திருச்சிக்கு விட்டார்.

13 ஜூலை 2025

நேற்று குரூப் 4. இங்கே பாதிப் பேர் எழுதியிருப்பீர்கள், கை வலி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கை யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி ஜவுளிக் கடையில் பில்லிங் பார்த்துக்கொண்டே படித்து இளநிலை உதவியாளர் ஆனாள். நூறு கேள்வி தமிழிலேயே வருகிறது, அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாதகமான தேர்வு அது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் நடத்துகிறார்கள், காசு கிடையாது, மாதிரித் தேர்வும் வைப்பார்கள்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. "படிக்கிறேன்" என்று வீட்டில் உட்கார்ந்து மூன்று, நான்கு வருஷம் போக்கிவிட்டு எங்களிடம் வருகிறார்கள். மேனேஜர் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்றதும் முகம் விழுந்துவிடுகிறது. படித்தது வீண் இல்லை, பொது அறிவும் கணக்கும் வேகமாக வருகிறது அவர்களுக்கு. ஆனால் ஒரு ஆபீஸில் தினம் நான்கு மணி நேரமாவது உட்கார்ந்துகொண்டே படித்திருந்தால் அந்த முகம் விழுந்திருக்காது. பகுதி நேரமாக ஆள் எடுக்கிற ஆடிட்டர் ஆபீஸ்கள் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் உண்டு.

இன்னொன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கான சான்றைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே வாங்கி வையுங்கள்.

2 ஆகஸ்ட் 2025

நாகப்பட்டினம் தம்பி ஒருவர் பி.எஸ்சி. வேதியியல். "அக்கவுண்ட்ஸ் பற்றியே எழுதுகிறீர்கள், எங்களுக்கு?"

நான் பார்த்த உலகம் அது, அதனால்தான். என் தங்கை வேதியியல். அவள் வகுப்பில் சிலர் வேதாரண்யம், சீர்காழி பக்கம் இறால் பண்ணைகளின் நீர் பரிசோதனை லேப்களுக்குப் போனார்கள். உப்புத்தன்மை, அமோனியா, காரத்தன்மை தினமும் பார்க்கிற வேலை. கல்லூரி லேப்பில் டைட்ரேஷனை ஒழுங்காகச் செய்தவர்களை அங்கே உடனே எடுத்துக்கொண்டார்கள். நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர்களை எடுக்கும், அறிவியல் பட்டம் கேட்பார்கள். பருவம் முடிந்தால் வேலையும் முடியும், ஆனால் ஈரப்பதம் பார்ப்பது, எடை, ரசீது, ஆன்லைன் பதிவு எல்லாம் கைக்கு வரும். ரைஸ் மில்லில் தரக் கட்டுப்பாட்டுக்கு அதைச் சொல்லிப் போகலாம்.

அப்புறம் அப்ரண்டிஸ், உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை பழகுவது. பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் உண்டு. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று 2019இல் நிர்ணயித்தார்கள். திருச்சி பெல், காரைக்கால் ஓஎன்ஜிசி இரண்டும் அப்ரண்டிஸ் எடுக்கின்றன. ஒரு வருஷம் முடிந்ததும் நிரந்தரம் ஆகும் என்று நம்பிப் போகாதீர்கள். பெரிய நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போங்கள்.

3 ஆகஸ்ட் 2025

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். மேட்டூரை ஜூன் 12இல் திறந்ததால் வாய்க்கால் நிறையத் தண்ணீர், நடவு முடிந்த வயல்கள் பச்சை பிடித்திருக்கின்றன. ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்து இன்டர்வியூ கேள்வி கேட்டார்கள். அவர்களிடம் கேட்டதையே இங்கேயும் கேட்கிறேன், பி.காம். காரர்கள் முயன்று பாருங்கள்.

காரைக்காலில் உள்ள மொத்த வியாபாரி, நாகப்பட்டினம் கடைக்குச் சரக்கு அனுப்புகிறார். பில்லில் என்ன வரி போட வேண்டும்?

3 ஆகஸ்ட் 2025, இரவு

பெரும்பாலானோர் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து ஊர்தானே என்று தோன்றும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, வேறு மாநிலக் கணக்கு. அதனால் ஐஜிஎஸ்டி, மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கான ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும், தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. சரியாகச் சொன்ன இரண்டு பேரும் நாகூர், திருமலைராயன்பட்டினம் பக்கம் என்று பார்த்தேன், தினமும் அந்த எல்லையைத் தாண்டுகிறவர்கள்!

துவாக்குடி இன்டர்வியூவில் என்னைக் கேட்டதும் இப்படி ஒரு கேள்விதான். ரெஸ்யூமில் "ரைஸ் மில் கணக்குகள் பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேனேஜர் அதில் விரலை வைத்து, "கடையில் 26 கிலோ அரிசி மூட்டை விற்கிறார்களே, அது என்ன கணக்கு? 25 தானே வழக்கம்?" என்றார். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, ஆனால் 25 கிலோ வரைதான். அதைத் தாண்டினால் வரி இல்லை. அதனால் மில்காரர்கள் 26 கிலோவாகப் பிடித்தார்கள். அந்த வாரம் எங்கள் ஆபீஸுக்கு மில்காரர்கள் வரிசையாக வந்து சந்தேகம் கேட்டதை அப்படியே சொன்னேன். அடுத்த கேள்வி சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பதுதான். எட்டாயிரத்துக்குப் பார்த்த வேலை அன்றைக்கு எனக்காகப் பேசியது.

24 ஆகஸ்ட் 2025

இதை அவசரமாக எழுதுகிறேன். பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர்: "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம், ஏஜென்ட் விசிட் விசாவில் அனுப்புகிறார், போகலாமா?"

போகாதீர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளை இப்படித்தான் தாய்லாந்து என்று சொல்லி மியான்மர் எல்லைக்கும், கம்போடியாவுக்கும் கொண்டுபோய்ப் பூட்டி வைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வேலை என்று சொல்லி விசிட் விசா கொடுத்தாலே அங்கேயே நிறுத்துங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறது. சிங்கப்பூர், வளைகுடா போய் நல்லபடியாக இருக்கிறவர்கள் நம் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உள்ளூர் மோசடிக்கும் இதே எச்சரிக்கை. என்னிடம் சென்னையில் ஒரு கன்சல்டன்சி "பதிவுக் கட்டணம், யூனிஃபார்முக்கு டெபாசிட்" என்று கேட்டது. ஆள் எடுக்கிற கம்பெனி ஆளிடம் காசு வாங்காது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்கப் பார்ப்பார்கள்.

21 செப்டம்பர் 2025

இந்த வாரம் எங்கள் ஆபீஸில் ஸ்டோர்ஸ் உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ. ஒரு பையன், வலங்கைமான் பக்கம், பி.ஏ. பொருளாதாரம். முடித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. ரெஸ்யூமில் அந்த வருஷம் காலியாக இருந்தது. என்ன செய்தீர்கள் என்றதும் "சும்மாதான் சார் இருந்தேன், அப்பாவுக்கு வயலில் உதவி" என்றான்.

என்ன உதவி என்று நான் கேட்டேன். மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. வி.ஏ.ஓ. ஆபீஸில் அடங்கல் (வயலில் என்ன பயிர் என்கிற பதிவு) வாங்கியது, சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளுக்கு முன் பதிந்தது, கொள்முதல் நிலையத்தில் ஆன்லைனில் பதிந்து நெல் போட்டது, எத்தனை சிப்பம், எத்தனை கிலோ கழிவு, வங்கியில் பணம் எப்போது ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அவனே பதிந்து கொடுத்திருக்கிறான். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சரக்கு வந்தது, போனது, மீதி எவ்வளவு என்று எழுதுவதுதான் ஸ்டோர்ஸ் வேலை. அவன் அதை ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறான், அதற்குச் "சும்மா" என்று பெயர் வைத்திருக்கிறான்.

எடுத்துக்கொண்டோம். டெல்டாவில் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இதைப் படியுங்கள். அந்தக் காகித வேலைகளை ரெஸ்யூமில் எழுதுங்கள். நோட்டு இருந்தால் இன்டர்வியூவுக்கு எடுத்துக்கொண்டே போங்கள்.

12 அக்டோபர் 2025

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். சென்னை ஆஃபரை விட்டுவிட்டாராம். மன்னார்குடியில் ஒரு உர மொத்த வியாபாரியிடம் கணக்கு வேலை, பதினொன்றாயிரம், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். "என்ன கேட்டுக்கொண்டு சேர வேண்டும்?" என்கிறார்.

ரொம்ப சந்தோஷம் தம்பி. உர வியாபாரம் நல்ல பள்ளிக்கூடம். மானிய உரம் விற்கும்போது பாயின்ட் ஆஃப் சேல் மெஷினில் ஆதார் வைத்துப் பில் போட வேண்டும், மெஷினில் காட்டுகிற இருப்பும் குடோனில் உள்ள இருப்பும் ஒத்துப்போக வேண்டும், அதிகாரிகள் வந்து சரிபார்ப்பார்கள். அந்த இருப்புக் கணக்கை முதல் நாளிலிருந்தே கற்றுக்கொள்ளுங்கள்.

சம்பளம் எந்தத் தேதி, எப்படி என்று கேளுங்கள். வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், ஆறு மாத ஸ்டேட்மென்ட்தான் நாளைக்கு உங்கள் அனுபவச் சான்று. பிஎஃப் உண்டா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடையிலேயே போடுகிறார்களா, ஆடிட்டரிடம் போகிறதா என்றும் கேளுங்கள். ஆடிட்டரிடம் போகிறது என்றால் பில்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் தோழி ஒருத்தி கொடுத்துவிட்டு, வேலையை விட்ட பிறகு டிசிக்கும் மார்க் ஷீட்டுக்கும் பல மாதம் நடந்தாள். வியாழக்கிழமை ஒரிஜினலைக் காட்டுங்கள், அவர்கள் பார்த்ததும் வாங்கிப் பைக்குள் வையுங்கள். ஜெராக்ஸ் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் குறுக்கே கையெழுத்து, தேதி, "வேலையில் சேர மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நான்கு, ஆதார், பான், வங்கிப் புத்தகம். பான் இன்னும் எடுக்கவில்லை என்றால் நாளைக்கே ஆன்லைனில் போடுங்கள், ஆதாரை வைத்து உடனே கிடைத்துவிடும்.